ராஜசிம்மன் முதல் மூணாவது மானிட்டர் வரை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஐயம்பேட்டை வரும். பஸ்ஸில் தூங்கிவிட்டாலும் கவலை இல்லை, டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கும் அரை நிமிஷத்தில் தறிச் சத்தம் கேட்டால் அதுதான் ஊர். அங்கே பட்டுச் சேலைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருகிற அண்ணன் ஒருவர் எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் போனபோது மேஜைக்கு அடியிலிருந்து அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“என்னண்ணே, யோகாவா?”

“மூணாவது மானிட்டர் வரமாட்டேங்குது தம்பி.”

மேஜை மேல் மூன்று மானிட்டர்கள். இடது பக்கத்தில் சேலையின் கரை. நடுவில் உடல். வலது பக்கத்தில் முந்தி இருக்க வேண்டும். முந்திக்குப் பதிலாக ‘நோ சிக்னல்’ என்று ஒரு சின்னப் பெட்டி, கல்யாண வீட்டில் தொலைந்துபோன குழந்தை மாதிரி அங்கேயும் இங்கேயும் அலைந்துகொண்டிருந்தது.

திண்ணையில் அவருடைய அப்பா. வாழ்க்கை முழுக்க தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர். எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மூன்று திரைகளையும் எண்ணினார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து மகனின் காலைப் பார்த்துக் கேட்டார்: “கோர்வைன்னா பக்கத்துல ஒரு ஆளு உக்காரணும்டா. உக்கார வெச்சியா?”

நாங்கள் சிரித்தோம். பெரியவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்! இரண்டு நாள் கழித்து, அவர் சொன்னது மட்டும்தான் சரி என்று தெரிந்தபோது சிரிக்க அங்கே யாரும் இல்லை.

அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பல்லவ ராஜாவையும் ஒரு வாத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். அவசரம் என்றால் வாத்தை விட்டுவிடலாம். ஆனால் விடாதீர்கள், நல்ல வாத்து.

முதலில் ராஜா. நிறைய திரை வைத்து, எல்லாவற்றிலும் தன்னையே காட்டிக்கொள்ளும் ஆசை காஞ்சிபுரத்துக்குப் புதிதில்லை. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரண்டாம் நரசிம்மவர்மன் என்கிற ராஜசிம்மர் அதைச் செய்து முடித்துவிட்டார். கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். பிராகாரச் சுவரை ஒட்டி வரிசையாகக் குட்டிக் குட்டிச் சன்னதிகள் இருக்கும், மொத்தம் 58. நாமெல்லாம் அங்கே செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடுவோம். ராஜசிம்மர் வேறு மாதிரி செல்ஃபி எடுத்தார். அந்தச் சன்னதி வரிசையில் தன்னுடைய பட்டப் பெயர்களை வெட்டச் சொன்னார்.

இரண்டு மூன்று என்றால் விட்டுவிடலாம். 200-க்கு மேல்! ரணஜயன், அதாவது போரில் வென்றவன். அத்யந்தகாமன், அதாவது எல்லையில்லாத ஆசைகள் கொண்டவன். இரண்டாவதைச் சொன்ன அரசவைப் புலவருக்குத் தைரியம் ஜாஸ்தி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ராஜா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. அதே பட்டியலை வேறு வேறு எழுத்து வடிவங்களில் மறுபடியும் வெட்ட வைத்தார். கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர் மாட்டியதும் ஒரு கேள்வி கேட்கும்: திரையை நீட்டவா, ‘டூப்ளிகேட்’ செய்யவா? ராஜசிம்மர் யோசிக்கவே இல்லை. டூப்ளிகேட். அதுவும் ஃபான்ட் மாற்றி.

இதைப் பார்க்க வந்தவர்களில் முக்கியமானவர் எதிரி. சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்ரமாதித்தர் படையோடு காஞ்சிக்குள் நுழைந்தார். ஊரே நடுங்கியது. அவரோ கைலாசநாதர் கோயிலைப் பார்த்து அசந்துபோய், கோயில் சொத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் செய்தியை அங்கேயே ஒரு தூணில் கன்னடத்தில் வெட்டிவிட்டுப் போனார். போரில் வென்றவன் என்று சுவர் முழுக்க எழுதிக்கொண்ட வம்சத்தின் சுவருக்குப் பக்கத்திலேயே, நிஜமாக வென்றவர் வந்து ஒரு லைக் போட்டு, கமெண்டும் எழுதியிருக்கிறார். அழிக்க முடியாத கமெண்ட். இன்றைக்கும் இருக்கிறது.

சரி, இனி மானிட்டருக்கு வருவோம் என்று எதிர்பார்ப்பீர்கள். வாத்துக்குப் போகிறோம்.

1739-ல் பிரான்ஸில் ஜாக் த வோகன்சோன் என்றொருவர் ஒரு இயந்திர வாத்து செய்தார். அது இறக்கை அடித்தது, தண்ணீர் குடித்தது, தானியம் தின்றது. கடைசியில், மன்னிக்கவும், வெளிக்கும் போனது. பாரிஸ் கனவான்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, ஒரு வாத்து வெளிக்குப் போவதைப் பார்த்தார்கள். இயந்திரத்துக்கு ஜீரணம் ஆகிறது, இனி மனிதனுக்கு என்ன வேலை என்று அறிவாளிகள் கவலைப்பட்டார்கள். இந்தக் கவலையைப் போன வாரம்தான் ஒரு டீக்கடையில் கேட்டேன்.

நூறு வருஷம் கழித்து குட்டு வெளிப்பட்டது. ரோபேர் ஊதேன் என்ற மந்திரவித்தைக்காரர் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: தின்றது ஒரு பெட்டிக்குள் போகிறது, வெளியே வருவது முன்கூட்டியே அடைத்து வைத்த பச்சைச் சாயம் போட்ட ரொட்டித் தூள். ஜீரணமும் இல்லை, ஒன்றும் இல்லை. தொழில்நுட்ப உலகில் மேடை போட்டு ‘லைவ் டெமோ’ காட்டுகிற பரம்பரை எந்த வழியாக வெளியே வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இந்த வாத்துக்கு அரசாங்கம் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? 1741-ல் வோகன்சோனைப் பட்டு உற்பத்திக்கு இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள். வாத்துக்கும் பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நீங்கள் இலாகா மாற்றம் பார்த்தே பழகாதவர். அவர் லியோன் நகரத்து நெசவாளர்களுக்குப் புதுச் சட்டதிட்டங்கள் கொண்டுபோனார். அவர்கள் தெருவில் வைத்துக் கல்லால் அடித்தார்கள். அந்தக் கடுப்பில், ஒரு கழுதையைக் கட்டிப் பூப்போட்ட துணி நெய்துகாட்டினார் என்று ஒரு கதை உண்டு. நெசவாளிகளுக்கு அவர் எழுதிய பதில் கடிதம் அது. கழுதையின் கருத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

1745-ல் அவர் ஒரு தானியங்கித் தறியே செய்துவிட்டார். யாரும் சீந்தவில்லை. அது ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்து, பிறகு பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே அதைப் பார்த்தவர்தான் நம் தறிகள் மேல் இன்றைக்கும் பெயராக உட்கார்ந்திருக்கிற ஜோசப் மாரி ஜக்கார்டு.

ஐயம்பேட்டையில் போய் ‘ஜக்கார்டு’ என்று சொல்லிப் பாருங்கள். தறிக்கு மேலே இருக்கிற பெட்டியைக் காட்டுவார்கள். அது ஒரு மனுஷன் பெயர் என்றால் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. ஓட்டை போட்ட காகிதத்தால் தறியை ஆட்டுவிக்கலாம் என்று 1725-ல் பூஷோன் கண்டுபிடித்தார். காகிதத்துக்குப் பதில் அட்டை என்று 1728-ல் ஃபால்கோன் சொன்னார். மூன்றாவது நம் வாத்துக்காரர். நாலாவதாக, 1804 வாக்கில் வந்த ஜக்கார்டு, மூன்று பேர் சமைத்ததைப் பரிமாறி, சமையல்காரர் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா விட்டுப்போன தறியையும் சொத்தையும் தொலைத்துக் கடனில் முழுகியவருக்கு ஏதாவது ஒன்றாவது கிடைக்கட்டும், விடுங்கள். நெப்போலியன் காலத்தில் அரசாங்கம் அவருக்கு வருஷத்துக்கு 3,000 ஃப்ராங்க் பென்ஷனும் போட்டது. லியோன் நெசவாளர்கள் அவருடைய மெஷினை உடைத்தார்கள். அதே லியோன் 1840-ல் அவருக்குச் சிலையும் வைத்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அவர் செய்த காரியம் இதுதான். ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது. நாடா ஒருமுறை ஓடினால் படத்தில் ஒரு வரி முடிந்தது. அடுத்த அட்டை, அடுத்த வரி. நம் ஊரில் 240 கொக்கிப் பெட்டி என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அது 240 புள்ளி அகலமுள்ள ஒரு திரை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கிராஃப் பேப்பரில் டிசைன் வரைந்து, கட்டம் கட்டமாக எண்ணி, அட்டை அடித்து, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட கையெல்லாம் பிக்சல் வேலைதான் பார்த்தது. சம்பளம் மட்டும் ஐ.டி. சம்பளம் இல்லை.

இந்தத் திரை எவ்வளவு துல்லியம் தெரியுமா? 1839-ல் லியோன்காரர்கள் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள். அதில் ஒன்றை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வாங்கி, வரவேற்பறையில் மாட்டி வைத்தார். வருகிறவர்களிடம் இது என்ன சொல்லுங்கள் பார்க்கலாம் என்று வம்பு பண்ணுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வெல்லிங்டன் பிரபு, நெப்போலியனையே வீழ்த்தியவர், வந்து பார்த்து அச்சிட்ட படம் என்று நினைத்துத் தோற்றுப்போனார். வாட்டர்லூவில் ஜெயித்து பட்டில் தோற்ற மனிதர்!

ஜக்கார்டு தறியின் அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை போடலாம் என்று திட்டம் போட்டார். திட்டம் அருமை. ஆனால் அதற்கு முன்பே வேறொரு இயந்திரத்துக்கு அரசாங்கத்திடம் 17,000 பவுண்டு வாங்கி, அதை முடிக்காமல் விட்டிருந்தார். இதையும் முடிக்கவில்லை. மிச்ச நேரத்தில் தெருவில் வாத்தியம் வாசிப்பவர்களோடு சண்டை போட்டார். சத்தம் ஆகாது என்று சட்டம் வரை போனார். பதிலுக்கு அக்கம்பக்கத்தார் வேண்டுமென்றே அவர் வீட்டுக்கு முன்னால் வாசிக்க வைத்தார்கள். கம்ப்யூட்டரின் தாத்தாவை ஐயம்பேட்டையில் ஒரு நாள் குடிவைத்திருக்க வேண்டும். தறிச் சத்தத்தில் திருந்தியிருப்பார்.

அட்டை அங்கிருந்து அமெரிக்கா போய், ஹெர்மன் ஹாலரித் கையில் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முடித்து, அவருடைய கம்பெனி வேறு மூன்று கம்பெனிகளோடு கலந்து 1924-ல் ஐபிஎம் ஆனது. இந்த இடத்தை ஓடிக் கடந்துவிடலாம். எல்லாரும் டை கட்டியிருப்பார்கள், சிரிக்க ஒன்றும் இல்லை.

1981-க்கு வருவோம். ஐபிஎம் தன்னுடைய பிசியை வெளியிட்டது. படம் காட்ட ஒரு கார்டு கொடுத்தார்களா? இல்லை, இரண்டு. ஒன்று எம்டிஏ. எழுத்து மட்டும்தான் வரும், பச்சை நிறத்தில். படம் கிடையாது, கலர் கிடையாது, ஆனால் பிரிண்டர் சொருக இடம் உண்டு. பார்த்தாலே சம்பளக் கணக்கு எழுதத் தோன்றும். இன்னொன்று சிஜிஏ. இது கலைக்காரன். கலர் வரும். எத்தனை கலர்? படம் என்று வந்தால் ஒரே நேரத்தில் நாலு. பிரபலமான நாலு எது? கறுப்பு, வெள்ளை, ஒரு மாதிரி நீலம், ஒரு மாதிரி ரோஸ்.

மயில் கழுத்து, அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, கத்தரிப்பூ என்று கலருக்கு ஒரு சகஸ்ரநாமமே வைத்திருக்கும் காஞ்சிபுரத்தில், கல்யாணப் பெண்ணின் அத்தை முன்னால் இந்த நாலு கலரை மட்டும் விரித்துப் போடுங்கள் பார்ப்போம். அந்தக் கடைக்காரர் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிடுவார்.

இந்த இரண்டு கார்டுக்கும் மெமரியில் வேறு வேறு விலாசம். பங்காளிச் சண்டை இல்லாத தனித்தனி வீடு. அதனால் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் சொருகி, இரண்டு மானிட்டர் வைத்துக்கொள்ள முடிந்தது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 பச்சைத் திரையில் கணக்கையும் கலர்த் திரையில் வரைபடத்தையும் காட்டியது. ஒரு மேனேஜர், இரண்டு மானிட்டர். ஆபீஸில் தனக்கு மட்டும் இரண்டு இருக்கிறது என்ற பெருமை அன்றைக்குப் பிறந்தது. இன்னும் சாகவில்லை.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இதற்கு அடுத்து வருகிறார். பெயர் வான் சுவன்னுகுல். தாய்லாந்துக்காரர், அமெரிக்காவில் பிஎச்டி மாணவர். ஆராய்ச்சிக் கட்டுரையைத் தாய் எழுத்தில் அடிக்க வேண்டும். தாய் எழுத்து நம் எழுத்துக்கு உறவுக்காரன், மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு சுழி. ஐபிஎம் கார்டோ ஆங்கில எழுத்தைத் தவிர வேறொன்றுக்கும் வாயைத் திறக்காது. வேறொருவராக இருந்தால் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், அல்லது கையால் எழுதியிருப்பார். இவர் 1982-ல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டையே செய்துவிட்டார். அதுதான் ஹெர்குலிஸ்.

பிஎச்டி எழுதாமல் தள்ளிப்போட மனித குலம் கண்டுபிடித்த சாக்குகளில் இதைவிடப் பெரியது கிடையாது. வீட்டைக் கூட்டுவார்கள், அலமாரி அடுக்குவார்கள். இவர் ஒரு தொழிலையே அடுக்கிவிட்டார். நமக்கெல்லாம் ஹெர்குலிஸ் என்றால் அம்பத்தூரில் செய்த சைக்கிள். உலகம் முழுக்க லட்சக்கணக்கான ஆபீஸ்களுக்கு அது பச்சைத் திரையில் படம் வரைகிற கார்டு. அதையும் சிஜிஏவையும் சேர்த்துச் சொருகினால் மறுபடி இரண்டு மானிட்டர். புரோகிராமர்கள் ஒன்றில் புரோகிராமை ஓடவிட்டு, மற்றதில் அது எங்கே விழுந்து தொலைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1987-ல் விஜிஏ வந்து எல்லாரையும் ஒன்றாக்கியது. ஒன்றாக்கியதில் வந்தது வினை. எல்லாக் கார்டும் ஒரே விலாசம். இரண்டு விஜிஏ கார்டைச் சொருகினால் ஒரே பட்டாவுக்கு இரண்டு பேர் வந்து நின்ற கதை. அதே வருஷம் ஆப்பிளின் மேக்கிண்டாஷ் 2 வந்தது. ஆறு ஸ்லாட். கார்டு சொருகச் சொருக மானிட்டர் சேரும். ஒரு திரையிலிருந்து மற்றதற்கு ஜன்னலை இழுத்துக்கொண்டே போகலாம். 1984-ல் வந்த முதல் மேக்கில் ஒரு ஸ்லாட்கூட இல்லை. திறக்கவே கூடாது என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் ஆக்ஞை. அவர் 1985-ல் கம்பெனியை விட்டு வெளியேறினார். போனவர் தெருமுனை திரும்புவதற்குள் ஆறு ஸ்லாட்டுக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொள்ள 1998 ஆனது. விழித்ததும் ஒரே தாவலில் விண்டோஸ் 98-க்கு ஒன்பது மானிட்டர் என்றார்கள். ஏன் ஒன்பது? நவகிரகக் கணக்குதான் போலிருக்கிறது. மாட்டிப் பார்த்தவர்களுக்கு அனுபவமும் அதேதான், ஒன்றுக்கொன்று முகம் பார்க்காது. அந்த விண்டோஸ் 98-ஐ அதே வருஷம் ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் காட்டினார். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, உதவியாளர் ஒரே ஒரு ஸ்கேனரைச் சொருகினார். பொசுக்கென்று முழு நீலத் திரை. வாத்து வெளிக்குப் போன டெமோ எவ்வளவோ மேல், அது கடைசிவரை ஓடியது.

அதே கேட்ஸ் 2006-ல், என் மேஜையில் மூன்று திரை இருக்கிறது, மூன்றும் ஒரே டெஸ்க்டாப், அப்படித்தான் வேலை செய்கிறேன் என்று ஒரு பத்திரிகையில் சொன்னார். அவ்வளவுதான். உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் மூன்றாவது மானிட்டர் இல்லாமல் கை ஓடவில்லை. அவர் பணக்காரரானது மூன்று திரையாலா, பணக்காரரானதால் மூன்று திரையா என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. நம் அண்ணனும் யோசிக்கவில்லை.

2009 செப்டம்பரில் இந்த மோகம் கடலுக்கே போனது. ஏஎம்டி கம்பெனி ‘ஐஃபினிட்டி’ என்றொரு வித்தையை அறிமுகம் செய்தது. ஒரே கார்டிலிருந்து மூன்று திரை, தனி மாடல் வாங்கினால் ஆறு. விழாவை எங்கே நடத்தினார்கள்? யூஎஸ்எஸ் ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில். 1969-ல் நிலாவுக்குப் போய்த் திரும்பிய அப்போலோ 11 ஆட்களைக் கடலிலிருந்து தூக்கிய அதே கப்பல், இப்போது அருங்காட்சியகம். அதன் மேல் 24 மானிட்டரைச் சுவராக அடுக்கி, அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டைக் காட்டினார்கள். ஒன்று கவனித்தீர்களா, விமானந்தாங்கிக் கப்பலில் பொம்மை விமானம்! ராஜசிம்மர் பார்த்திருந்தால் இன்னும் 24 பட்டப் பெயர் சேர்த்திருப்பார்.

பார்த்தவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். கார்டு வாங்கினார்கள். பின்னால் பார்த்தால் நாலு பொந்து: டிவிஐ இரண்டு, ஹெச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று. கைவசம் இருந்த சாதாரண மானிட்டர் மூன்றை டிவிஐ, டிவிஐ, ஹெச்டிஎம்ஐ என்று சொருகினார்கள். இரண்டு எரிந்தது. மூன்றாவது கறுப்பு.

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் ஐயம்பேட்டையில் மேஜைக்கு அடியில் ஓர் ஆள் இன்னும் கிடக்கிறார்.

மானிட்டருக்குப் படம் மொத்தமாகப் போவதில்லை. தறி மாதிரி புள்ளி புள்ளியாக, வரி வரியாகப் போகிறது. 1920-க்கு 1080 திரை, நொடிக்கு 60 தடவை என்றால், நொடிக்கு 14 கோடியே 85 லட்சம் தாளம் போட வேண்டும். பெருக்கிப் பார்க்கிறவர்களுக்குக் கணக்கு இடிக்கும், அவ்வளவு புள்ளி திரையில் இல்லையே! ஒவ்வொரு வரிக்கும் 1920 போக இன்னும் 280 தாளம் சும்மா கழிகிறது. பழைய டிவி குழாயில் எலெக்ட்ரான் கற்றை ஒரு வரி முடித்து மறுமுனைக்குத் திரும்ப விட்ட இடைவெளியிலிருந்து வந்த வழக்கம் அது. குழாய் போய்விட்டது, கற்றை போய்விட்டது, தட்டைத் திரை வந்துவிட்டது. ஆனாலும் இல்லாத ஒன்று திரும்பி வருவதற்கு ஒவ்வொரு வரிக்கும் இன்னும் காத்திருக்கிறோம். அரசாங்க ஆபீஸில் ஓய்வுபெற்றவர் நாற்காலியில் துண்டு கிடக்கிற மாதிரி.

அந்தத் தாளத்தைப் போடுவதற்குக் கார்டுக்குள் ஒரு கடிகாரம் வேண்டும். விஜிஏ, டிவிஐ, ஹெச்டிஎம்ஐ எதுவானாலும், தனிப் போக்குள்ள திரை ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். அந்தக் கார்டுகளில் இருந்த கடிகாரம் இரண்டே இரண்டு. பொந்து நாலு, கடிகாரம் ரெண்டு! கல்யாண மண்டபத்தில் நாலு வாசல் வைத்து இரண்டு பந்தி மட்டும் போட்ட கதை. டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது படத்தைப் பொட்டலமாகக் கட்டி, எல்லாருக்கும் பொதுவான ஒரே வேகத்தில் அனுப்பிவிடும். ஆக மூன்றாவது மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் வர வேண்டும். சாதாரண மானிட்டரில் அந்தப் பொந்து கிடையாது என்றால்? மாற்றி வேண்டும்.

மாற்றியில் இரண்டு ஜாதி. ‘பாஸிவ்’ என்பது சும்மா கம்பியைத் திருப்பிக் கொடுக்கும். அதை மாட்டினால் கார்டு பழையபடி தன் சொந்தக் கடிகாரத்தைத் தேடும், இருக்காது, திரை கறுப்பு. ‘ஆக்டிவ்’ என்பதில் உள்ளே ஒரு சில்லு உட்கார்ந்திருக்கும். பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, அந்தப் பக்கத்துத் தாளத்தைத் தானே போட்டு நெய்யும். அந்த நாளில் பெரிய திரைகளுக்கான ஆக்டிவ் மாற்றி கிட்டத்தட்ட 100 டாலர். நிலாக் கப்பலில் விழா எடுத்தவர்கள் இதைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள். என்விடியா கார்டுகளுக்கும் அப்போது ஒன்றுக்கு இரண்டு திரைதான் கணக்கு. 2012-ல் ஜிடிஎக்ஸ் 680 வந்தபோதுதான் ஒரே கார்டில் நாலு என்றார்கள்.

அண்ணன் வாங்கியிருந்ததும் அந்தக் காலத்துப் பழைய கார்டு, கைமாறி வந்தது. கம்பெனி பெயரெல்லாம் எதற்கு? முதல் நாள் ஒரு கடைக்காரர் சல்லிசாக ஒரு மாற்றி கொடுத்தார். கறுப்பு. மறுநாள் போய்ச் சண்டை போட்டதும், “சார், அது பாஸிவ்” என்று புன்னகையோடு ஆக்டிவ் எடுத்துக் கொடுத்தார். மாட்டினோம். வலது பக்கத்தில் முந்தி வந்தது, அன்னப்பட்சியும் மாங்காயுமாக.

பெரியவரிடம் போய் அந்தக் குட்டிப் பெட்டியைக் காட்டினேன். “ஐயா, இதுக்குள்ள ஒருத்தன் உக்காந்து அந்தப் பக்கத்து வேலையைப் பாக்குறான்.”

“அதத்தான நான் சொன்னேன்,” என்றார்.

கோர்வையில் உடலுக்கு ஒரு நிறம், கரைகளுக்கு வேறு நிறம். மூன்று நாடா. உடல் நாடா கரை வரைக்கும் ஓடி நிற்கும். அங்கே கரை நாடாவின் இழையோடு கொக்கி போட்டுத் திரும்பும். நெசவாளி ஒருத்தருக்கு இரண்டு கைதான், கடிகாரம் இரண்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நாடாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அவன் தாளம் தவறினால் சேலை போச்சு. அந்தக் காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பையன். லியோனிலும் தறிக்குப் பக்கத்தில் கயிறு இழுக்கச் சின்னப் பையன்களைத்தான் வைத்திருந்தார்கள். அட்டை வந்து அவனை எழுப்பி அனுப்பியது. நம் ஊர்ப் பையன் இன்னும் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தான். பெரியவருக்கு அந்த ‘பக்கத்து ஆள்’ வேலை எட்டு வயசில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. சிரிப்புக் கட்டுரையில் இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

பெரியவர் மூன்று திரைக்கும் முன்னால் வந்து நின்றார். கரைக்கும் உடலுக்கும் நடுவில், உடலுக்கும் முந்திக்கும் நடுவில், மானிட்டரின் கறுப்புச் சட்டம் இரண்டு விரல்கடை தெரிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். பட்டில் அந்த இடம் சேருவது தெரியாது, சேலை கிழிந்தாலும் கரை விட்டுப்போகாது என்பார்கள். கப்பலில் 24 திரை அடுக்கியவர்கள்கூட அந்தச் சட்டத்தை மறைக்க முடியவில்லை.

“இன்னாடா இது, கோர்வ விட்டுப்போயிருக்கு?” என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. போன வாரம் மறுபடி போயிருந்தேன். இடது திரையில் கரை, நடுத் திரையில் உடல், முந்திக்கென்று இரண்டு நாள் அலைந்து வாங்கிய மூன்றாவது திரையில் சென்னை சூப்பர் கிங்ஸ் மேட்ச்.

உங்கள் வீட்டில் மூன்றாவது மானிட்டர் முகம் காட்டவில்லை என்றால் யாரையும் திட்டுவதற்கு முன் ஒரு தடவை பெட்டியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே, கீபோர்டும் யூஎஸ்பியும் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ பொந்து மதர்போர்டுடையது. கார்டின் பொந்துகள் அதற்குக் கீழே, தனியாக, படுக்கை வாட்டில் வரிசையாக இருக்கும். அண்ணன் மேஜைக்கு அடியில் கிடந்த முதல் ஒரு மணி நேரம் கேபிள் மேலே இருந்த பொந்தில்தான் இருந்தது. இதை அவர் அப்பாவிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.